தேய்மானம் யார் கணக்கில்?

சிறு தொழில் நடத்துகிற ஒருவரிடம் கடை வாடகை எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு, மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் நோட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவார். தொழிலுக்காக ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் என்ன செலவாகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தொகை வராது. "பெட்ரோலுக்குத்தான் கொடுத்துடறோமே" என்ற பதில்தான் வரும். கொடுப்பதும் உண்மை, மனதார அப்படி நம்புவதும் உண்மை. ஆனால் பெட்ரோல் என்பது ஓட்டத்தின் செலவில் பாதியை ஒட்டித்தான் வரும். மீதிப் பாதியை யார் சுமக்கிறார்கள் என்பது நம் ஊர்ச் சிறு வணிகத்தில் கேட்கப்படாமலே கிடக்கிற கேள்வி. பணக் கேள்விதான், ஆனால் அதற்குள் நியாயமும் இருக்கிறது.

ஈரோட்டில் எலக்ட்ரிகல் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, கணக்கெழுத ஒருவர், கிடங்கில் இருவர், லைனுக்குப் போக நான்கு பையன்கள். ஒருவர் சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி வழியாகச் சத்தியமங்கலம் வரை போகிறார். போய்த் திரும்ப 120 கிலோமீட்டரை ஒட்டி வரும். இன்னொருவருக்குப் பவானி, அந்தியூர் பக்கம். மற்ற இருவருக்கும் டவுன். ஆர்டர் எடுக்க வேண்டும், நிலுவை வசூலிக்க வேண்டும், சில்லறைச் சாமானைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போதே கேட்கிற முதல் கேள்வி "சொந்தமா வண்டி இருக்கா?" என்பதுதான். இருந்தால் வேலை உண்டு. வண்டி பையனுடையது, அதற்கு மாதாமாதம் டியூ கட்டுகிறவரும் அவரே. அது ஓடுவது மட்டும் கடைக்காக.

இந்த ஏற்பாட்டில் ஒரு கிலோமீட்டருக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று தாளில் எழுதிப் பார்க்கலாம். சராசரியாக நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள். மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர், வருஷத்துக்கு 24,000. வண்டி சாதாரண நூறு சிசி பைக். சாமான் மூட்டையோடு, கடைக்குக் கடை நின்று போகிற ஓட்டத்தில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 22 காசு. வழக்கமான கணக்கு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

வண்டியின் செலவு அங்கே முடிவதில்லை. எல்லாச் செலவும் சேர்ந்து 90,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி 75,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு 30,000 ரூபாய்க்குப் போனால் நல்ல விலை. குறைந்த 60,000 ரூபாயைக் கிலோமீட்டருக்குப் பிரித்தால் 80 காசு. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றி சர்வீஸ் விட 900 ரூபாய் என்றால் 30 காசு. இரண்டு டயருக்கு 4,000 ரூபாய், 25,000 கிலோமீட்டர் வரும் என்றால் 16 காசு. செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பேட்டரி, கேபிள், பஞ்சர் எல்லாவற்றுக்கும் 25 காசு. இன்சூரன்ஸ் 9 காசு. வண்டிக் கடனுக்கான வட்டியைக் கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் அது ஒரு 30 காசு. கூட்டினால் 4 ரூபாயைத் தாண்டுகிறது. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி இந்தத் தொகைகள் மாறும். அவரவர் பில்லை வைத்து அவரவர் போட்டுப் பார்க்கலாம். எப்படிப் போட்டாலும் பெட்ரோலுக்கு வெளியே இன்னொரு பெரிய பங்கு நிற்கத்தான் செய்யும்.

பெட்ரோல் காசு மட்டும் கொடுக்கிற கடையில், அந்தப் பையன் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 90 காசைத் தன் கையிலிருந்து போடுகிறார். 2,000 கிலோமீட்டருக்கு மாதம் 3,500 ரூபாய்க்கு மேல். சம்பளம் 16,000 என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பெட்ரோலுக்கென்று மாதம் 3,000 ரூபாய் என ஒரே தொகையாகக் கொடுத்துவிடும் கடைகளில் நிலைமை இன்னும் மோசம். 2,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோலே 4,400 ரூபாயைத் தாண்டும்.

இந்தச் செலவு கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், பெட்ரோல் அன்றன்றைக்குக் காசாகப் போகிறது, தேய்மானம் மூன்று வருஷம் கழித்து மொத்தமாக வந்து நிற்கிறது. வண்டிக் கடன் பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு. வருஷம் 24,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதே மூன்று வருஷத்தில் 72,000 ஆகிவிடுகிறது. டியூ முடிகிற மாதத்தில் வண்டியும் முடிந்துபோகிறது. சொந்தமாக ஒரு பொருள் மிஞ்ச வேண்டிய நாளில் அவர் அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

இப்படி ஒரு பேச்சைக் கேட்காத கடை குறைவு. மாலை வசூலை எண்ணிக் கொடுத்த பிறகு பையன் கொஞ்சம் தயங்கி நிற்பார்.

"அண்ணா, பின் டயர் மொட்டையாயிருச்சுங்க. மழை வேற புடிச்சுக்குச்சு. ஒரு ரெண்டாயிரம் அட்வான்ஸ் கெடைக்குமுங்களா?"

"வாங்கிக்கப்பா. மாசம் ஐநூறாச் சம்பளத்துல புடிச்சுக்கலாம்."

முதலாளி அதை உதவியாகவே செய்கிறார். பையனும் நன்றியோடுதான் வாங்கிக்கொள்கிறார். இருவரிடமும் தப்பான எண்ணம் கிடையாது. ஆனால் வெளியே நிற்கிற வண்டியைப் போய்ப் பாருங்கள். டயரின் நடுவில் பட்டன் அழிந்து வழவழவென்று ஆகியிருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வரி மிஞ்சியிருக்கிறது. அந்த ரப்பர் தேய்ந்தது சத்தியமங்கலம் ரோட்டில், கடையின் சரக்கைச் சுமந்து, கடையின் நிலுவையை வசூலிக்கப் போன ஓட்டத்தில். கடைக்காகத் தேய்ந்த பொருளைச் சரிசெய்யத் தொழிலாளி கடையிடமே கடன் வாங்கித் தன் சம்பளத்திலிருந்து திருப்பிக் கட்டுகிறார். கிடங்குக்காக ஒருவர் கட்டடத்தை எடுத்துக்கொண்டால் கரண்ட் பில்லை மட்டும் கட்டிவிட்டு வாடகை தரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? வண்டி விஷயத்தில் நாம் அதைத்தான் வழக்கமாக்கி வைத்திருக்கிறோம்.

வேறு நாடுகளில் இதற்கு வைத்திருக்கும் விகிதத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அமெரிக்க வருமான வரித் துறை, தொழிலுக்காகச் சொந்தக் காரை ஓட்டினால் மைலுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு அது 70 சென்ட். அந்தத் தொகைக்குள் பெட்ரோல், தேய்மானம், இன்சூரன்ஸ், பழுது, டயர் எல்லாம் அடக்கம். பிரிட்டனில் 2011இல் முதல் 10,000 மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று வகுத்தார்கள். அந்தத் தொகைகளை இங்கே கொண்டுவந்து ஒட்டிப் பயனில்லை. வண்டி வேறு, கூலி வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது, பெட்ரோலை வேறாகவும் வண்டியை வேறாகவும் பிரிக்காமல் ஓட்டத்தின் முழுச் செலவையும் ஒரே விகிதத்துக்குள் கொண்டுவரும் முறையைத்தான். நம் சிறு வணிகர்களுக்குக் கைகொடுக்க அப்படிப் பொதுவான விகிதம் ஒன்று இல்லை. அதனால் ஒவ்வொரு கடையும் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விகிதம் போட்டுவிட்டால் மட்டும் போதாது. விலை நிலையாக நிற்பதில்லை. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை தினமும் மாற்றப்படும் முறை வந்தது. அப்போது சென்னையில் பெட்ரோல் 70 ரூபாய்க்குள் இருந்தது. 2021 ஜூலையில் 100 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் தமிழக அரசு வரியில் 3 ரூபாய் குறைத்தது, நவம்பரில் மத்திய அரசு கலால் வரியில் 5 ரூபாய் குறைத்தது. அப்படியும் 2022 ஏப்ரலில் 110 ரூபாயைக் கடந்தது. மே மாதம் இன்னொரு 8 ரூபாய் வரிக் குறைப்புக்குப் பிறகுதான் இறங்கியது. இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை கடைகளில் பெட்ரோல் படி அதே வேகத்தில் ஏறியது? 2017இல் பேசிய தொகையே பல இடங்களில் 2022 வரை ஓடியது. விலை ஏறுவது பெட்ரோல் பங்க் போர்டில் அன்றைக்கே தெரிகிறது. படியை ஏற்றுவதற்குத் தொழிலாளி வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூச்சப்படுகிறவர் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் அவருக்கு நஷ்டம்.

இதற்கு வழி எளிது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் 5 ரூபாய் ஏறும்போது கிலோமீட்டருக்கு 11 காசு கூட்ட வேண்டும், இறங்கினால் அதே அளவு குறைக்கலாம். இதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டால் யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோலையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலப்பதைப் பற்றி நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, பழைய வகை எஞ்சின் கொண்ட இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பையன்கள் வைத்திருப்பதில் பெரும்பாலானவை பழைய வண்டிகள்தான். வருஷத்துக்கு ஒருமுறையாவது டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, மைலேஜை அளந்து விகிதத்தைத் திருத்துவதுதான் முறை.

வரிக் கணக்கிலும் முதலாளி தெளிவாக இருக்க வேண்டும். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் இன்னும் வரவில்லை. சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வதுபோல் பெட்ரோலுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. அது முழுக்கச் செலவுதான். சரக்கு ஏற்றும் குட்டி யானை வாங்கினால் அதன் ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம். ஆள் போக பைக்கோ காரோ வாங்கினால் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. பங்கில் கணக்கு வைத்து மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிறவர்கள், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிச் சட்டம் பொதுவாக ஏற்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள், ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 3 கோடிக்குள், உள்ள வணிகர்கள் பலர் உத்தேச லாப முறையில் கணக்குக் காட்டுகிறார்கள். விற்பனையில் 8 விழுக்காடு, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 விழுக்காடு லாபம் என்று காட்டிவிட்டால் முடிந்தது. இந்த முறையில் பெட்ரோல் செலவைத் தனியாகக் கழிக்க இடமில்லை. அதனால் "பில் வெச்சு என்னாகப் போகுது, ஆடிட்டர் கேக்கறதில்லையே" என்று ஓட்டக் கணக்கையே விட்டுவிடுகிறார்கள். ஆடிட்டர் கேட்காவிட்டாலும் தொழில் கேட்கும். எந்த லைனில் லாபம், எந்த லைனில் நஷ்டம் என்று தெரிய அந்தக் கணக்கு ஒன்றுதான் வழி.

பில் சேர்த்துவைப்பதால் மட்டும் கணக்கு நிற்காது. பல கடைகளில் வவுச்சர்களைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். அதில் பங்கின் பில்லைத் தேடிப் பாருங்கள். சட்டைப் பையில் வேர்வை பட்டு, வெயிலில் காய்ந்து, சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகியிருக்கும். அதில் தேதியும் தெரியாது, தொகையும் தெரியாது. எழுத்து நின்றாலும் பெட்ரோல் போட்டதற்குத்தான் அது சாட்சி, யாரைப் பார்க்கப் போனார் என்று சொல்லாது. தேதி, போன இடம், போன காரியம், புறப்படும்போதும் திரும்பும்போதும் மீட்டர், இந்த ஐந்தையும் ஒரே வரியில் எழுதும் ஒரு நாற்பது பக்க நோட்டு அதைவிட உறுதியான ஆதாரம். சம்பளக்காரருக்குக் கொடுக்கும் பயணச் செலவு அவருடைய வருமானம் அல்ல, கடைக்காகச் செய்த செலவைத் திருப்பித் தருவது என்று காட்டவும் அந்த நோட்டுத்தான் வேண்டும்.

நோட்டு வைத்தால் பொய் எழுதுவார்களே என்பது முதலாளிகளின் பயம். நியாயமான பயம்தான். பத்துக் கிலோமீட்டர் கூட்டி எழுதுகிறவர் உண்டு, வீட்டு வேலைக்குப் போனதைக் கடைக் கணக்கில் சேர்க்கிறவரும் உண்டு. அதைக் கண்டும் காணாமல் விடக் கூடாது. விட்டால் சரியாக எழுதுகிறவர்தான் ஏமாந்தவர் ஆகிறார். ஆனால் எங்கே அதிகம் கூட்டி எழுதுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். உண்மைச் செலவுக்கும் கொடுக்கும் தொகைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிற கடையில், மொட்டை டயரின் காசைப் பையன் கிலோமீட்டரில் தேடிக்கொள்கிறார். முழு விகிதம் கொடுத்துவிட்டு, லைனுக்கு லைன் தூரத்தை முதலாளியும் பையனும் ஒன்றாகப் போய் ஒருமுறை அளந்து எழுதிவைத்துவிட்டால் தினமும் சந்தேகப்பட வேலை இல்லை. அதற்குப் பிறகும் ஒருவர் கூட்டி எழுதினால் கண்டிக்க முதலாளிக்கு முழு உரிமை உண்டு. பாதிச் செலவை மட்டும் கொடுத்துக்கொண்டு போனில் ஆப் போட்டுப் பையன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிற முதலாளிக்கு அந்த உரிமை அவ்வளவு வலுவாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விபத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கை முடிக்க முடியாது. வேலையின் காரணமாக, வேலையின்போது தொழிலாளிக்கு நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கொள்கை. இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. வண்டி யாருடையது என்பதால் இந்தப் பொறுப்பு போய்விடுவதில்லை. பத்துப் பேருக்குக் குறைவான கடைகள் பலவற்றில் இஎஸ்ஐ கிடையாது. அங்கே அந்தப் பொறுப்பு நேராக முதலாளியின் தலையில் நிற்கிறது. வண்டி இன்சூரன்ஸில் சேர்த்து எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நம் பையன்களில் பலர் ஓட்டுவது அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும் வண்டி. கீழே விழுந்தால் அந்தக் காப்பீட்டில் அவருக்கு ஒன்றும் இல்லை. லைனுக்குப் போகும் ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து அதன் பிரீமியத்தைக் கடை கட்டுவதும் கிலோமீட்டரின் விலையில் சேர்ந்ததுதான். பேசிப் பேசி விகிதத்தைக் குறைத்துவிட்ட கடையில் டயர் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் தள்ளிப்போகும். அது காசோடு முடிகிற விஷயம் அல்ல, உயிரில் போய் நிற்கக்கூடிய விஷயம்.

இவ்வளவும் கொடுத்தால் தொழில் தாங்குமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சிறு முதலாளியும் மூட்டை கட்டி வைத்திருக்கிறவர் அல்ல. கம்பெனி கொடுக்கும் மார்ஜின் குறைவு, கடைக்காரர் கேட்கும் கடன் அதிகம். அதற்கு நடுவில்தான் அவர் நிற்கிறார். ஆனால் தாங்குமா என்று தெரிந்துகொள்ளவே உண்மை விலை தெரிய வேண்டும். 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கடைக்கு 400 ரூபாய்ச் சாமானை இலவச டெலிவரி என்று அனுப்புகிறோம். போய்வர 24 கிலோமீட்டர், 4 ரூபாய் விகிதத்தில் 96 ரூபாய். 12 விழுக்காடு மார்ஜின் என்றால் கையில் வருவது 48. பெட்ரோலை மட்டும் பார்த்தால் 53 ரூபாய், ஏதோ கிட்டத்தட்டச் சரிக்குச் சரி என்று தோன்றும். முழுச் செலவைப் பார்க்கும்போதுதான் அந்த டெலிவரியே நடந்திருக்கக் கூடாது என்று தெரிகிறது. அதே பக்கம் ஐந்து ஆர்டர் சேர்ந்தபிறகு போகலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த லைன் என்று அறிவிக்கலாம். இத்தனை ரூபாய்க்குக் கீழே டெலிவரி இல்லை என்று சொல்லலாம். செலவு பையனின் தலையில் விழுந்துகொண்டிருக்கும் வரை இவற்றை யோசிக்க முதலாளிக்கு அவசியமே வராது. முழு விகிதம் கொடுக்க ஆரம்பிக்கும் கடை வீண் ஓட்டத்தைக் குறைக்கவும் ஆரம்பிக்கும்.

முதலாளி தன் சொந்த வண்டியையும் இந்த நோட்டுக்குள் கொண்டுவர வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மதியம் வங்கிக்குப் போய், மாலையில் கோபிக்கு நிலுவை கேட்கப் போகிற ஒரே காரின் செலவை முழுக்கத் தொழிலில் எழுதுவதும் தப்பு, முழுக்க வீட்டில் எழுதுவதும் தப்பு. தொழிலுக்கு ஓடிய பங்கைத்தான் சட்டமும் ஏற்கிறது. தன் ஓட்டத்தை எழுதாத முதலாளி தனக்கு வந்ததாக நினைக்கும் லாபத்தில் ஒரு பகுதி குடும்பத்தின் பணம். வீட்டுச் செலவைக் கடையில் போட்டவருக்கோ கடை நஷ்டத்தில் போவதுபோலத் தெரியும்.

மின் வண்டிகள் வந்த பிறகு பழைய முறையின் குறை இன்னும் கண்கூடாகிறது. கிலோமீட்டருக்கு 30, 40 காசுக்குள் கரண்ட் செலவு முடிந்துவிடும் என்று ஒரு பையன் அதிகக் கடன் வாங்கி மின் ஸ்கூட்டர் எடுக்கிறார். பங்கின் பில் பார்த்துக் காசு கொடுக்கும் கடையில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. வண்டி விலையும் நாளைக்கு மாற்ற வேண்டிய பேட்டரியும் அவருடையவை, மிச்சம் மட்டும் கடைக்குப் போகிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கடையில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த வண்டியில் போனாலும் ஓட்டத்துக்கு விலை உண்டு, சிக்கனமான வண்டி எடுத்தவருக்கு அதன் பலனும் உண்டு.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடையில் ஓடும் வண்டிகளின் முழுச் செலவைப் போட்டு ஒரு விகிதத்தை முடிவு செய்யுங்கள். அதைத் தாளில் எழுதி, பெட்ரோல் விலை மாறினால் எப்படி மாறும் என்பதையும் எழுதி, எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். சம்பளத்தோடு கலக்காமல் தனி வவுச்சரில் கொடுங்கள். ஒரே நாளில் 4 ரூபாய்க்குப் போக முடியாவிட்டால் இன்றைக்கு 3 ரூபாய், ஆறு மாதத்தில் மூன்றரை என்று தேதி குறித்து ஏற்றுங்கள். பொருள் தரும் கம்பெனியிடம் மார்ஜின் பேசும்போதும் இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள். விநியோகச் செலவு கூடிப்போச்சு என்று வாயால் சொல்வதைவிடக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காட்டும் தாளுக்கு மரியாதை அதிகம். இத்தனைக்கும் பிறகு ஒரு லைன் தன் ஓட்டத்தின் விலையைத் தாங்கவில்லை என்றால், விலையை ஏற்ற வேண்டும் அல்லது அந்த லைனை நிறுத்த வேண்டும். வேலைக்கு வந்தவரின் வண்டியைத் தேய்த்து அந்த லைனை நடத்தக் கூடாது.